துரைக்கண்ணு மாமாவின் வயலில் அப்பா

திருக்காட்டுப்பள்ளி,
12.11.2024

அன்புத் தங்கை வானதிக்கு அண்ணன் சூர்யபிரகாஷ் எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு. பெங்களூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு படு, உனக்குச் சைனஸ் இருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குத் தபால் என்று நினைப்பாய். கடையில் உட்கார்ந்து பேசினால் அப்பா காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு நீ தப்பித்துக்கொள்வாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு மாமா ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கடை மேசையில் போட்டார். "நம்ம வானதி, பாரு வைத்தி. ரெண்டு பக்கத்துக்குப் போட்ருக்கான்" என்றார். அப்பா கையிலிருந்த சால்டரிங் கம்பியை வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நானும் தோளுக்கு மேலாகப் படித்தேன்.

"நான் காவிரிக்கரை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். என் அப்பா அதிகம் பேசாத உழவர். வயல்வெளியின் மௌனம்தான் என் ஓவியத்துக்கும் இசைக்கும் வேர். கோயில் திருவிழாக்களின் ஒலிபெருக்கி இரைச்சல் சிறுவயதில் என்னைக் காயப்படுத்தியது. அதிலிருந்து தப்பித்தே கலைக்குள் வந்தேன்."

அப்பா முழுவதும் படித்தார். மடித்து வைத்தார். "படம் நல்லா வந்திருக்கு. தலைய வாரியிருக்கலாம்" என்றார். அப்புறம் பூதலூர்க் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் ஏற்றப் போய்விட்டார்.

நமக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை என்பது உனக்குத் தெரியும். பத்திரிகைக்காரர்கள் எதையாவது மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அப்படித்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சூர்யபிரகாஷ்

---

பெங்களூரு,
28.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு வானதியின் வணக்கம். நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவரை ஏணியில் ஏறவிடாதீர்கள். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பிப்ரவரி கடைசியில் என் பெரிய கண்காட்சி. ஓவியங்களோடு நான் பிடில் வாசிப்பதும் உண்டு. ஒன்பது வருடமாகச் செய்ததையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கப்போகிறார்கள். தூக்கமே இல்லை.

பத்திரிகையில் வந்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் சுருக்கித்தான் போடுவார்கள். நேரில் சொல்கிறேன்.

அண்ணா, ஒரு உதவி வேண்டும். கண்காட்சிக்காக என்னைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுக்கிறார்கள். மார்கழியில் ஒருநாள் காலையில் ஊருக்கு வந்து, அப்பா வயலில் நிற்பதுபோல் சில காட்சிகள் எடுக்கவேண்டும் என்கிறார்கள். துரைக்கண்ணு மாமா வயல் ஆற்றங்கரையை ஒட்டி அழகாக இருக்கும். அப்பா வரப்பில் சும்மா நடந்தால் போதும். இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒரு மணி நேர வேலைதான். அப்பாவிடம் நீங்கள் பக்குவமாகச் சொன்னால் கேட்பார்.

வருகிறவர்கள் வீட்டுப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடை போர்டு படத்தில் விழக்கூடாது.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

அன்புத் தங்கை,
வானதி

---

திருக்காட்டுப்பள்ளி,
6.12.2024

வானதிக்கு,

இருக்கிறோம்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எனக்குத்தான் புரியவில்லையோ என்று நினைத்தேன்.

படத்தில் விழக்கூடாது என்கிறாயே, அந்தப் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா? 'வானதி ஒலி ஒளி அமைப்பு.' அம்மா உன்னைப் பெற்று வீட்டுக்கு வந்த வாரம் அப்பா பெயர் மாற்றினார். என் பெயரை எதிலும் வைக்கவில்லை என்று நான் அழுதிருக்கிறேன்.

பத்து வயதில் ஒட்டுப்பலகை மேல் நீ ஒரு மயில் வரைந்தாய். உன் பென்சில் கோட்டின் மேலேயே அப்பா ஓட்டை போட்டு ஓட்டைக்கு ஒரு பல்பு சொருகி, மாரியம்மன் திருவிழாவில் தேரடிக்கு எதிரே தூக்கிக் கட்டினார். மயில் தோகையை விரித்து விரித்து மூடியது. ஊரே அண்ணாந்து பார்த்தது. "எம் பொண்ணு போட்டது, எம் பொண்ணு போட்டது" என்று அன்றைக்கு அப்பா எத்தனை பேரிடம் சொன்னார்! இப்போது அந்த மனிதரைப் போய் "நீ நீயாக நிற்காதே" என்று சொல்லவேண்டுமா?

நான் கேட்க மாட்டேன். வேண்டுமானால் நீயே போன் பண்ணிக் கேள். உனக்கு அந்த வாய் இருந்தால்.

சூர்யபிரகாஷ்

---

பெங்களூரு,
13.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கோபம் நியாயம். நலம் விசாரிக்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார்?

பத்திரிகைக்காரர்கள் மாற்றவில்லை, அண்ணா. நான்தான் சொன்னேன்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஒருத்தன், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டான். மைக் செட் என்றேன். அவன் கையைக் குவித்து வாயில் வைத்து "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கத்தினான். அந்த வருடம் முழுவதும் நான் வகுப்புக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் அப்படிக் கத்துவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு முதல் கண்காட்சியின்போது ஒரு நிருபர், "தஞ்சாவூர்ப் பக்கமா? அப்பா விவசாயியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலிலிருந்து வயல், வரப்பு, மௌனம் எல்லாம் ஒவ்வொன்றாக முளைத்துவிட்டன. எழுதியவர்கள் பாதி முளைக்கவைத்தார்கள். மீதியை நான்.

நான் ஓவியத்தில் கோடே போடுவதில்லை. எல்லாம் புள்ளிகள். தூரத்திலிருந்து பார்த்தால் உருவம், கிட்டே போனால் ஒன்றுமில்லை. நெல்மணிகள் என்று எழுதுகிறார்கள். அது நெல்மணி இல்லை அண்ணா, பல்பு. அப்பா மைக்கை ஆன் செய்ததும் ஒரு ஊளை கிளம்புமே, அவர் குமிழைத் திருகி அடக்குவாரே, அடங்கப்போகிற அந்த நொடியில் வருகிற சுருதியைத்தான் நான் பிடிலில் இழுத்து இழுத்து வாசிக்கிறேன். தியானம் என்கிறார்கள். எது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மாற்றிச் சொன்னால் பொய்க்காரி ஆகிவிடுவேன். இத்தனை வருட வேலையும் பொய்யாகிவிடும். இந்த ஒரு தடவை மட்டும், அண்ணா. படம் எடுப்பவர்களோடு நான் ஊருக்கு வரப்போவதில்லை. நின்று பார்க்க என்னால் முடியாது.

வானதி

---

திருக்காட்டுப்பள்ளி,
22.12.2024

வானதிக்கு,

இங்கே நலம். வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது. மாமா வயலில் சம்பா பால் பிடித்து நிற்கிறது. நீ கேட்ட அழகுக்குக் குறைவில்லை.

நான் மாட்டேன் என்றதும் நீ துரைக்கண்ணு மாமாவுக்கே போன் செய்துவிட்டாய் போலிருக்கிறது. அவர் வெள்ளை மனசுக்காரர். டீக்கடையில் வைத்து அப்பாவிடம், "ஏன் வைத்தி, எங்கிட்ட சொல்லக் கூடாதா? வயல் என்ன ஓடியா போகுது? வந்து நின்னுக்க. நம்ம புள்ள பேரு வெளங்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. தெரியாத மாதிரி அவர் காட்டிக்கொள்ளவில்லை. "ஆமாமா, சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எத்தன மணிக்கு வர்றாங்க?"

நான் "வேண்டாம்ப்பா" என்றேன். "நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வரும்போது கையில் ஒரு புதுத் துண்டு இருந்தது. பச்சைக் கரை போட்டது.

வரச் சொல்.

சூர்யபிரகாஷ்

---

திருக்காட்டுப்பள்ளி,
3.1.2025

அன்புத் தங்கை வானதிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் சுகம். படம் எடுக்க வந்தவர்கள் காலையிலேயே வந்து எடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. டீ, வடை வாங்கிக் கொடுத்தோம். படம் எடுத்த அந்தப் பெண் மரியாதையாக நடந்துகொண்டது. கடைப் பக்கம் யாரும் வரவில்லை.

பிள்ளையார் கோயிலில் மார்கழிப் பாட்டு போட இப்போதெல்லாம் நான்தான் போகிறேன். அப்பா போவதில்லை. பனி என்கிறார்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
சூர்யபிரகாஷ்

---

பெங்களூரு,
27.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலுக்கு வரவில்லை, மன்னியுங்கள். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

'எல்லாம் நல்லபடியாக முடிந்தது' என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதை நம்பிக்கொண்டு இருந்துவிட்டேன். படம் எடுத்த பெண் ஷம்சாத் நேற்று, எடுத்ததையெல்லாம் வெட்டாமல் அப்படியே எனக்கு அனுப்பினாள்.

பனி மூட்டம். அப்பா வரப்பில் நிற்கிறார். தோளில் அந்தப் பச்சைக் கரைத் துண்டு. எங்கிருந்தோ சாமிப் பாட்டு கேட்கிறது. நம் ஸ்பீக்கர் அண்ணா, எனக்குத் தெரியாதா? ஷம்சாத் கேட்கிறாள், "சார், அந்தச் சத்தம் ரொம்ப டிஸ்டர்ப் பண்ணுது. யார் போடறாங்க?"

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரோ மைக் செட்டுக்காரன்மா. இருங்க, நிறுத்தச் சொல்லிட்டு வர்றேன்" என்கிறார். வரப்பிலேயே நடந்து பனிக்குள் போய்விடுகிறார். கேமராவை யாரும் நிறுத்தவில்லை. வெறும் பயிர்தான் தெரிகிறது. பாட்டு ஓடுகிறது. பிறகு வரியின் நடுவிலேயே அறுந்துபோகிறது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா வருகிறார். மூச்சு வாங்குகிறது. காலெல்லாம் சேறு.

"எப்பவுமே இப்படித்தானா சார்? உங்க பொண்ணு ரொம்ப அமைதியான ஊர்னு சொன்னாங்களே?"

"அதெல்லாம் இப்ப வந்ததும்மா. அது சின்னப் புள்ளயா இருந்தப்ப இந்த ஊர்ல சத்தமே கெடையாது. இந்த மைக் செட்டு வந்துதான் ஊரக் கெடுத்துச்சு."

"அவங்க முதல்ல வரைஞ்ச படம் ஞாபகம் இருக்கா?"

அப்பா வாயைத் திறக்கிறார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொள்கிறார். "நமக்கு அதெல்லாம் என்னம்மா தெரியும்? நான் விவசாயி" என்கிறார். பிறகு, "சரியா சொன்னேனாம்மா? இன்னொரு தடவ சொல்லணுமா?"

ஷம்சாத் சிரித்து, "சூப்பர் சார், ரொம்ப இயல்பா இருந்துச்சு" என்கிறாள். பக்கத்தில் யாரோ இருமுவது கேட்டது. உங்கள் இருமல்.

இதை ஏன் எனக்கு எழுதவில்லை, அண்ணா?

வானதி

---

திருக்காட்டுப்பள்ளி,
5.2.2025

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. நீ வேளைக்குச் சாப்பிடு.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். எழுதினால் நானும் அங்கே நின்றேன் என்று எழுதவேண்டியிருக்கும். அதனால்தான்.

அப்பா பாட்டை நிறுத்தப் போனபோது நான் ஓடிப்போய் மறித்திருக்கலாம். "நீங்க நில்லுங்க, நான் போறேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்தப் பெண் எதிரில் நாம் யார் என்று தெரிந்துவிடுமே என்றுதான் அப்போது எனக்கும் பயமாக இருந்தது. நீ செய்ததைத் திட்டி எழுதியவன், உன்னைப் போலவே ஊமையாக நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கோயில் தர்மகர்த்தா தியாகராசன் டீக்கடையில் எல்லார் எதிரிலும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "யாரக் கேட்டு பாதிப் பாட்டுல நிறுத்துன? பூசை நடக்குது, பொம்பளைங்க கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க. இத்தன வருசத்துல இப்படி ஒரு நாள் உண்டா?" என்று கத்தினார். அப்பா, "ஆம்ப்ளிஃபயர் சூடாயிடுச்சுங்க" என்றார். உனக்காக அன்றைக்கு அவர் சொன்ன எத்தனையாவது பொய்யோ. துரைக்கண்ணு மாமாவுக்கு உண்மை தெரியும். அப்பா பொய் சொன்னது பொறுக்காமல் அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதிலிருந்து இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

உன் கண்காட்சி நல்லபடியாக நடக்கட்டும். படம் வந்தால் அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம்.

அண்ணன்

---

பெங்களூரு,
2.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வானதியின் வணக்கம். சளி முழுவதும் குணமாகிவிட்டதா? உங்களுக்குத் தனியாக நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை கண்காட்சி தொடங்கியது. படத்தைப் போட்டார்கள். நீங்கள் வரப்பில் நடந்து வந்ததும் கூட்டத்தில் "ஆஹா" என்றார்கள். "நான் விவசாயி" என்று நீங்கள் சொன்னபோது கை தட்டினார்கள். அடுத்து நான் எழுந்து பிடில் வாசிக்கவேண்டும். எழுந்தேன். வாசிக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "இவர் என் அப்பா வைத்தியலிங்கம். இவருக்கு நிலம் கிடையாது. மைக் செட் வைத்திருக்கிறார். இவர் நிற்பது பக்கத்து வீட்டுக்காரர் வயல். நிற்கச் சொன்னது நான். படத்தில் உங்களுக்குக் கேட்கும் அமைதி, இவர் தன் பாட்டைத் தானே நிறுத்திவிட்டு வந்ததால் வந்தது. என்னிடம் இருக்கிற புள்ளியும் சுருதியும் இவர் கடையிலிருந்து வந்தவை."

அடித்துத் துரத்துவார்கள் என்று நினைத்தேன். முன்பைவிட அதிகமாகக் கை தட்டினார்கள். கண்காட்சி நடத்துபவர் என் காதருகே வந்து, "இதை முன்னாடியே சொல்லியிருந்தால் விளம்பரத்தில் போட்டிருப்போமே" என்றார். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதையும் நான் ஒரு நிகழ்ச்சியாக்கிவிட்டேன், அப்பா.

ஷம்சாத் மட்டும் கை தட்டவில்லை. வெளியே தாழ்வாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தப் பெரியவரை அவர் பாட்டையே நிறுத்திட்டு வர அனுப்பினேனே. சிரிச்சுக்கிட்டே சூப்பர்னு சொன்னேனே. என்னை ஏன் அப்படிச் செய்ய வெச்சே?" என்று அழுதாள். மறுநாள் அவள் தன் படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துக்கொண்டாள். என்னோடு பேசுவதில்லை. அவளிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். டெல்லியில் நடக்க இருந்த என் அடுத்த கண்காட்சியைப் 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டார்கள்.

துரைக்கண்ணு மாமாவிடமும் தர்மகர்த்தாவிடமும் நானே வந்து சொல்லவேண்டும். வரலாமா அப்பா? உங்களிடம் மன்னிப்பு என்று எழுதக் கை கூசுகிறது. வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

உங்கள் மகள்,
வானதி

---

திருக்காட்டுப்பள்ளி,
11.3.2025

அன்பு மகள் வானதிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். சளி போய்விட்டது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உன் கடுதாசியை சூர்யாவிடம் கொடுக்கவில்லை. நானே படித்து நானே எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அத்தனை பேர் எதிரில் நீ சொல்லியிருக்க வேண்டாம். எனக்குப் பிரியமில்லை. ஆனால் சொல்லிவிட்டாய்.

மாமா வயலில் நின்றது எனக்குப் பெரிசில்லை. எத்தனையோ பேர் வயலில் கம்பம் நட்டு ஸ்பீக்கர் கட்டியவன்தான் நான். தியாகராசன் கத்தியதும் பெரிசில்லை, அவர் குணம் அது. எனக்கு வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அந்தப் பெண் "ரொம்ப இயல்பா இருந்துச்சு" என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. விவசாயி என்றால் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வாசலில் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், அந்த மரியாதை எனக்கானது இல்லையே என்று உறைத்தது. நிருபரிடம் நீ தலையாட்டியதை சூர்யா சொல்லியிருந்தான், ஏன் ஆட்டினாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை.

மாமா நேற்று வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னால், "வுடு வைத்தி" என்றார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

வா. போன இரண்டு தடவையும் பின்பக்கச் சந்து வழியாக வந்து, அதே வழியாகப் போனாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தத் தடவை பகலில் வா, கடை வழியாக வா. கடையில் ஆள் இருப்பார்கள். இருக்கட்டும்.

வந்தால் ஒரு நாள், இரண்டு நாள் நான் உன்னிடம் பேச மாட்டேன். அதற்காகக் கிளம்பிப் போய்விடாதே.

ஆசிகளுடன் அப்பா,
சு. வைத்தியலிங்கம்